போக ஏழு மணி நேரம், வர ஒன்றே முக்கால் மணி நேரமா?

கேள்வி: எனக்கு எழுபத்திரண்டு வயது. ஊர் கண்டனூர். சிங்கப்பூரில் இருக்கும் பேத்திக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஆவணியில் போய்ப் பார்த்து வரலாம் என்று பேரன் திருச்சியிலிருந்து டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறான். விமானம் ஏறுவது எனக்கு இதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை 1.15க்குத் திருச்சி, 8.05க்கு சிங்கப்பூர் என்று போட்டிருக்கிறது. திரும்பும்போது ராத்திரி 9.30க்கு ஏறினால் 11.10க்குத் திருச்சியாம். போக ஏழு மணி நேரம், வர ஒன்றே முக்கால் மணி நேரமா? பேரனைக் கேட்டால் ‘நாலு மணி நேரம்தான் அப்பத்தா’ என்று முடித்துவிடுகிறான். தூரமும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒரு போனில் 2,980, இன்னொரு போனில் 1,850, விமானக் கம்பெனியில் வேலை பார்க்கும் பக்கத்து வளவுப் பையன் 1,610 என்கிறான். என் வீட்டுக்காரர் 1966இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர்கள். அங்கேயும் இங்கேயும் இரண்டு மணி வித்தியாசம் என்று கடைசி வரை சொல்வார்கள். இப்போது இரண்டரை என்கிறார்கள். சம்பந்தி வீட்டில், சென்னை போய் ஏறினால் தூரம் குறையும், கோலாலம்பூர் வழி என்றால் காசு குறையும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா? சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பெயர் வேண்டாம். (கண்டனூர் வாசகி)

பதில்: ஆச்சிக்கு வணக்கம். கொள்ளுப்பேத்தியைப் பார்க்கப் போகிறீர்கள், முதலில் அதற்கு என் வாழ்த்து. காரைக்குடியில் இருபத்தைந்து வருஷமாக விமான டிக்கெட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்களைப் போல டிக்கெட்டை வரி விடாமல் படித்துக் கேள்வி கேட்கிறவர்கள் குறைவு. உங்கள் சந்தேகம் ஒவ்வொன்றும் நியாயமானது. பேரன் சொன்னதும் சரிதான், பொறுமையாகச் சொல்லியிருக்கலாம்.

டிக்கெட்டில் ஏறும் நேரம் ஏறும் ஊரின் கடிகாரப்படி இருக்கும், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படி இருக்கும். இரண்டு ஊருக்கும் ஒரே கடிகாரம் என்று நினைத்துக் கழித்ததால்தான் உங்களுக்கு ஏழும் ஒன்றே முக்காலும் வந்தது. கணக்கு எழுதும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள் நீங்கள், உங்களுக்கு ஒரு எளிய வழி சொல்கிறேன். போகும்போது கடிகாரம் காட்டுவது 6 மணி 50 நிமிடம். வரும்போது 1 மணி 40 நிமிடம். இரண்டையும் கூட்டினால் எட்டரை. அதில் பாதி நாலேகால். ஒரு வழிக்கு விமானத்துக்குள் நீங்கள் உட்கார்ந்திருக்கப் போவது அந்த நாலேகால் மணி நேரம்தான். போகும்போது கூடிய இரண்டரை மணி வரும்போது கழிந்துவிடுவதால், கூட்டிப் பாதியாக்கினால் நிஜம் வெளியே வந்துவிடும். எந்த நாட்டு டிக்கெட்டைக் கையில் கொடுத்தாலும் இப்படியே போட்டுப் பார்க்கலாம்.

இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், போக 4 மணி 20 நிமிடம், வர 4 மணி 10 நிமிடம். அந்தப் பத்து நிமிடம் காற்றினால். ஆனி முதல் ஆவணி வரை நம் தலைக்கு மேலே, வெகு உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று வீசுகிறது. கீழே தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் அதே மாதங்களில் மேலே திசை நேர்மாறு. நம் நாட்டு வானிலை விஞ்ஞானி பி. கோட்டேஸ்வரம் 1950களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அதன் நடு ஓட்டம் விமானம் பறப்பதற்கும் மேலே இருந்தாலும், விமானம் போகும் உயரத்திலும் அதன் கை இருக்கும். சிங்கப்பூர் போகிறவர்களுக்கு அது எதிர்க்காற்று, திரும்புகிறவர்களுக்குப் பின்காற்று. பாய்மரத்தில் போன காலத்தில் காற்றுப் பார்த்துத்தான் கிளம்பினார்கள். இப்போது பத்து, இருபது நிமிட வித்தியாசத்தோடு முடிந்துவிடுகிறது.

இரண்டு மணியா, இரண்டரையா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் பிழையே இல்லை. அவர்கள் அங்கே இருந்த காலத்தில் வித்தியாசம் சரியாக இரண்டு மணிதான். அதற்கப்புறம் மலேசியா தன் மேற்குப் பகுதிக்கும் கிழக்கே இருக்கும் சபா, சரவாக்குக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது. பக்கத்து நாடான சிங்கப்பூரும் கூடவே தள்ளியது. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்கு நள்ளிரவு என்று வைத்துக்கொண்டார்கள். 1982 ஜனவரி 1 முதல் இரண்டரை. கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, அங்கே போய் அதற்கு முன்னாலேயே ஊர் திரும்பிவிட்ட பெரியவர்கள் பலர் இன்றும் இரண்டு என்றுதான் சொல்வார்கள். எங்கள் அலுவலகத்தில் அப்படிச் சொன்ன ஒரு பெரியவரை நான் சின்ன வயதில் திருத்தப் போயிருக்கிறேன். அவர் சொன்னது அவர் வாழ்ந்த சிங்கப்பூரின் நேரம் என்று புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆயிற்று.

இதில் உங்களுக்கு நேரடியாகப் படப்போகும் விஷயம் ஒன்று உண்டு. சூரியனைக் கேட்டால் திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய நூறு நிமிடம்தான். ஒரு பாகைக்கு நாலு நிமிடம் என்ற பழைய கணக்கில் இருபத்தைந்து பாகைக்கு அவ்வளவுதான் வரும். கடிகாரத்தை இரண்டரை மணி தள்ளி வைத்திருப்பதால் அங்கே ஏழு மணிவாக்கில்தான் விடிகிறது. நீங்கள் வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து கதவைத் திறந்தால் கும்மிருட்டாக இருக்கும். உடம்புக்கோ அது நம்மூர் இரண்டரை மணி. முதல் நாலைந்து நாள் தூக்கம் வரவில்லை, பசி தப்பிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். காலை வெயிலில் கொஞ்சம் நடந்தால் சீக்கிரம் சரியாகும்.

தூரத்துக்கு வருகிறேன். மூன்று பேரும் ஒரே தூரத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். 2,980 என்பது கிலோமீட்டர். 1,850 என்பது மைல். பக்கத்து வளவுத் தம்பி சொன்ன 1,610 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். கப்பலுக்கும் விமானத்துக்கும் அதுதான் அளவு. அந்தக் காலத்துக் கப்பல்காரர்களும் அப்படித்தான் எண்ணினார்கள்.

இது பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்தாற்போல அளந்த தூரம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு அப்படி ஒரு நூலைப் பிடித்தால் அது கோடிக்கரைக்கு மேலாகக் கடலுக்குள் இறங்கும். யாழ்ப்பாணத்தின் வடக்கு முனையை ஒட்டி, நிக்கோபாருக்குத் தெற்கே, அச்சே வழியாகச் சுமத்திராவைத் தொட்டு, மேடான் ஊரை உரசிக்கொண்டு மலாக்கா நீரிணையில் இறங்கி சிங்கப்பூரில் முடியும். நிஜ விமானம் வானத்தில் வகுத்த பாதைகளில் போவதால் கொஞ்சம் வளைந்து நெளிந்து, சில பத்துக் கிலோமீட்டர் கூடத்தான் பறக்கும். ஆனால் திசை இதுதான். மேடானிலும் நம்மவர்கள் கடை வைத்திருந்தார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சம்பந்தி வீட்டார் சொன்னபடி சென்னை போனால் தூரம் குறையுமா என்றால், குறையும். ஐம்பது கிலோமீட்டர்! சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,930 கிலோமீட்டர். அந்த ஐம்பதுக்காகப் பல்லவன் ரயிலில் ஏழு மணி நேரம் போய், சென்னை நெரிசலில் விமான நிலையம் சேர்ந்து, அங்கே காத்துக் கிடந்து ஏற வேண்டும். வேண்டவே வேண்டாம்.

கோலாலம்பூர் கதை இன்னும் விசித்திரம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் 2,690 கிலோமீட்டர், அங்கிருந்து சிங்கப்பூர் 300. கூட்டிப் பாருங்கள். நேராகப் போகும் தூரத்தைவிடப் பத்துக் கிலோமீட்டர்கூட அதிகமில்லை. கோலாலம்பூர் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது. வரைபடத்தைப் பார்க்கிறவர்கள் ‘வழிதானே, இறங்கி ஏறினால் என்ன’ என்பார்கள். ஆனால் இறங்குவது, நடப்பது, காத்திருப்பது, மறுபடி ஏறுவது என்று மூன்றிலிருந்து ஆறு மணி நேரம் கூடிவிடும். இரண்டும் தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் மலேசியாவுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, திரும்பவும் போட வேண்டிவரும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது போய்விடும், அதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இரண்டாயிரம் மூவாயிரம் மிச்சம் என்று வாலிபப் பிள்ளைகள் போகட்டும். எழுபத்திரண்டு வயதில் முதல் விமானம் ஏறும் ஒருவரை அந்த வழியாக அனுப்ப என் கை டிக்கெட் போடாது. பேரன் எடுத்ததே நல்ல டிக்கெட். அதை மாற்றாதீர்கள்.

ஆக, கிலோமீட்டரை வைத்துப் பயணத்தை எடை போட முடியாது. விமானத்தில் நாலேகால் மணி என்பதும் பாதிக் கதைதான். விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து நிற்கும் வரைக்கும் உள்ள நேரம் அது. உங்கள் உடம்பு தாங்க வேண்டியது கண்டனூர் வீட்டு முகப்பிலிருந்து பேத்தி வீட்டு வாசல் வரைக்கும் உள்ள நேரம். அதை உங்கள் கூடவே வந்து பார்ப்போம்.

இரவு ஏழரைக்கு வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் காரில் ஏறுகிறீர்கள். காரைக்குடி, திருமயம், புதுக்கோட்டை. விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே, திருச்சி ஊருக்குள் போவதற்கு முன்பே வந்துவிடுகிறது, நமக்கு அது பெரிய சௌகரியம். நடுவில் ஒரு தரம் இறங்கி ஏறினாலும் பத்து மணிக்குள் போய்விடலாம். 2024இல் திறந்த புது முனையம் பெரிது, நல்ல வெளிச்சம், ஆனால் நடையும் அதிகம். பெட்டி போடும் கவுன்டர் சுமார் மூன்று மணி நேரம் முன்னால் திறந்து ஒரு மணி நேரம் முன்னால் மூடும். பெட்டி, குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடிந்து உட்காரும்போது பதினொன்றரை. பன்னிரண்டரைக்கு ஏற்றுவார்கள். ஒன்றேகாலுக்கு நகரும். சிங்கப்பூரில் 8.05 என்றால் நமக்கு 5.35. அங்கே சோதனை முடிந்து, பெட்டி எடுத்து, டாக்ஸி பிடித்துப் பேத்தி வீட்டுக்குள் காலை வைக்கும்போது அங்கே பத்து மணி, இங்கே ஏழரை. முழுசாகப் பன்னிரண்டு மணி நேரம். அதில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகாயத்தில். எனவே உங்கள் பலத்தைத் தரையில் செலவாகாமல் காப்பதுதான் முக்கியம். சக்கர நாற்காலி வேண்டும் என்று பேரனை இப்போதே விமானக் கம்பெனியில் பதியச் சொல்லுங்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பாவது சொல்லியிருக்க வேண்டும். ‘நான் நடப்பேனே’ என்று கூச்சப்படாதீர்கள். கண்டனூர்த் தெருவில் நடப்பது வேறு, நடுநிசியில் தூக்கக் கண்ணோடு பளிங்குத் தரையில் நடப்பது வேறு.

இப்போது நான் சொல்லப்போவதை இரண்டு தரம் படியுங்கள். உங்கள் டிக்கெட்டில் வெள்ளிக்கிழமை 1.15 என்று இருக்கிறது. அது பகல் ஒன்றேகால் இல்லை, வெள்ளி இரவும் இல்லை. வியாழக்கிழமை ராத்திரி பன்னிரண்டு தாண்டிய ஒன்றேகால். நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது வியாழக்கிழமை இரவு ஏழரை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2009இல் தேவகோட்டையிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு நான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். 12ஆம் தேதி, 00.40. ‘12ஆம் தேதி ராத்திரி விமானம்’ என்று என் வாயாலேயே சொல்லி அனுப்பினேன். அவர்களும் 12ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்குத் திருச்சியில் போய் நின்றார்கள். விமானம் போய் இருபது மணி நேரம் ஆகியிருந்தது. போன் வந்ததும் மோட்டார் சைக்கிளில் ஓடினேன். அந்த அம்மா ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் எவர்சில்வர் தூக்கு, அதற்குள் மகனுக்குச் செய்த மாவுருண்டை. என்னைத் திட்டவில்லை. ‘தம்பி, இது நாளைக்கும் கெடாதுல்ல?’ என்று மட்டும் கேட்டார்கள். மறு டிக்கெட்டை என் செலவில் எடுத்தேன். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து நள்ளிரவு தாண்டிய டிக்கெட் எதுவாக இருந்தாலும் மேலே சிவப்பு மையில் ‘வீட்டை விட்டுக் கிளம்புவது’ என்று எழுதி, கிழமையும் நேரமும் போட்டுத்தான் கொடுக்கிறேன். உங்கள் டிக்கெட்டிலும் பேரனை அப்படி எழுதச் சொல்லுங்கள்.

நாள் பார்ப்பீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வியாழன் ராகுகாலம் பகல் ஒன்றரை முதல் மூன்று வரை. நீங்கள் கிளம்புவது இரவு. வியாழனுக்குச் சூலம் தெற்கே, நமக்குத் திருச்சி வடக்கே. ஒரு குறையும் இல்லை.

மாத்திரை விஷயத்தில் முடிவு உங்கள் டாக்டருடையது. நான் செய்யக்கூடியது, அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்வது. டிக்கெட்டைக் கையோடு கொண்டுபோய், பயண நேரம் முழுவதையும் நம்மூர் நேரத்தில் எழுதிக் காட்டுங்கள். இரவு மாத்திரை வீட்டில் சாப்பாட்டோடு போய்விடும். மறுநாள் காலை மாத்திரையை எப்போது போடுவது, அங்கத்திய நேரத்துக்கு எந்த நாளிலிருந்து மாறுவது, இந்த இரண்டையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் ‘காலை’ ஆகிவிட்டதே என்று நம்மூர் ஐந்து மணிக்கே மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். அதனால் என் யோசனை, பேத்தி வீடு சேரும் வரை கைக்கடிகாரத்தை மாற்றாதீர்கள். அது கண்டனூர் நேரத்திலேயே ஓடட்டும். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். அட்டையைப் பிரிக்காமல் டாக்டர் சீட்டோடு வையுங்கள். தூக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுவதாக இருந்தால் பேரனிடம் சொல்லுங்கள், சிலவற்றுக்குச் சிங்கப்பூரில் முன் அனுமதி வேண்டும். விமானத்தில் தண்ணீர் அடிக்கடி குடியுங்கள், ஒரு மணிக்கொரு தரம் எழுந்து நாலடி நடங்கள்.

பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்கு மேல் ஆயுள் இருக்கிறதா, விசா வந்துவிட்டதா என்று பேரன் பார்த்திருப்பான். சிங்கப்பூர் வருகை அட்டையைச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கிற இடத்தில் நிரப்ப வேண்டாம்.

மூட்டையில் நீங்கள் என்ன கட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். சீப்புச் சீடை, மணகோலம், மாவுருண்டை எல்லாம் தாராளமாகக் கொண்டுபோங்கள். ஊறுகாயை இறுக்கிக் கட்டிப் பெட்டியில் போடுங்கள், கையில் வேண்டாம். கசகசா மட்டும் ஒரு கைப்பிடிகூடக் கூடாது, அது சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள். தனியாக மட்டுமில்லை, பேத்திக்காக அரைத்த குருமாப் பொடியில் கசகசா சேர்த்திருந்தால் அதையும் விட்டுவிட்டுப் போங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் வழக்கம் இருந்தால் அதுவும் அங்கே ஆகாது.

இன்னொன்று. பேரனிடம் சொல்லி, போகும்போது இடது பக்க ஜன்னல் இருக்கை வாங்கச் சொல்லுங்கள். ‘ஏ’ என்று முடியும் எண். அதற்குத் தனியாகக் கொஞ்சம் காசு கேட்பார்கள், கொடுக்கலாம். விமானம் கிளம்பிக் கால் மணி ஆகும்போது கோடிக்கரைப் பக்கம் கடலுக்குள் நுழையும். வானம் தெளிவாக இருந்தால், இடது பக்கம் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பாருங்கள். கரையோரமாக வரிசையாகத் தெரியும் விளக்குகள் வேளாங்கண்ணி, நாகப்பட்டினம். தோணியில் போய் உங்கள் வீட்டுக்காரர் கப்பலேறிய இடம் அதுதான்.